ஆட்டம் காணும் இணைப்பில் லைவ் வீடியோ: எச்.264-ஆ, எச்.265-ஆ, வேறு வழியா?

#1 நிலாவெளி_கமரா · செவ்வாய் இரவு 9:40

வணக்கம். திருகோணமலையில் கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று படம் பிடிக்கிறவன் நான். நாலைந்து வருடமாக லைவும் செய்கிறேன். போன வாரம் நடந்ததைச் சொல்லி உதவி கேட்கத்தான் இந்த இழை.

நிலாவெளிப் பக்கம் ஒரு செத்தவீடு. அம்மா தவறிவிட்டார். மூத்த மகன் கனடாவில், வர முடியாத நிலை. கிரியை முழுவதையும் லைவில் காட்டச் சொல்லிக் கேட்டார். இங்கே காலை 10 மணி என்றால் அங்கே நள்ளிரவு 12:30. பிள்ளைகளையும் எழுப்பி வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.

சுண்ணம் இடிக்கத் தொடங்கிய நேரம் படம் உடைந்தது. குத்துவிளக்கின் சுடர் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் சதுரம். ஐயர் கையை நீட்டினால் அந்தக் கை பட்டையாக இழுபட்டு, பின்னால் இருந்த சுவர் வரைக்கும் பூசிக்கொண்டு போனது. பத்து நொடிக்கு ஒருமுறை படம் தெளியும், உடனே மறுபடி உடையும். வாய்க்கரிசி போடும்போது ஒரேயடியாக நின்றுவிட்டது. மகன் எனக்கு அழைப்பெடுத்து, "தம்பி, படம் இல்லாட்டிப் பரவாயில்லை, சத்தமாவது தாங்கோ" என்றார். உலக்கைச் சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அதைக்கூட அவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

என் அமைப்பு இது: மடிக்கணினியில் ஓபிஎஸ் (லைவ் அனுப்பும் மென்பொருள்), 1080பி, கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) எச்.265, நொடிக்கு 3 மெகாபிட். சிம் போட்ட டொங்கிள். எஸ்ஆர்டி என்ற அனுப்பும் முறை வழியாகச் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த சர்வருக்குப் போய், அங்கிருந்து எச்எல்எஸ் (பிரவுசரில் பார்க்கும் முறை) லிங்காகப் பார்ப்பவர்களுக்குப் போகும். கீபிரேம் 10 நொடிக்கு ஒன்று, டேட்டா மிச்சப்படும் என்று வைத்தது. லேட்டன்சி (எஸ்ஆர்டி காத்திருக்கும் நேரம்) 2000, அதாவது 2 நொடி. வீட்டில் சோதித்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அன்று வந்த சனம் முழுவதும் கையில் ஃபோனோடு நின்றது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

31ஆம் நாள் கிரியைக்கும் என்னையே கேட்டிருக்கிறார்கள். எந்தக் கோடெக் இப்படியான இணைப்புக்குத் தாங்கும்? ஏவி1 என்ற புதிய கோடெக்குக்கு மாறச் சொல்லி ஒருவர் சொல்கிறார்.

#2 கிண்ணியா_வயர்மேன் · செவ்வாய் இரவு 10:15

அந்தக் குடும்பத்துக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள் தம்பி.

கீபிரேம் 10 நொடி என்றதும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. கீபிரேம் ஒன்றுதான் முழுப்படம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் "முந்திய படத்தில் இந்தத் துண்டை இங்கே நகர்த்து, இவ்வளவைத் திருத்து" என்ற குறிப்புகள். இடையில் ஒரு பாக்கெட் (இணையத்தில் போகும் டேட்டாத் துண்டு) தொலைந்தால், பிழையான படத்தின் மேல் சரியான திருத்தத்தைப் போடுகிறோம். ஐயரின் கை இழுபட்டது அப்படித்தான். அடுத்த கீபிரேம் வரும் வரை அந்தப் பிழை படத்துக்குப் படம் கடத்தப்பட்டுக்கொண்டே போகும். 2 நொடிக்குக் குறையுங்கள். டேட்டா கொஞ்சம் கூடும், கூடட்டும்.

#3 மூதூர்_மாணவி · செவ்வாய் இரவு 11:02

அண்ணா, கோடெக் கேள்விக்கு நான் சொல்கிறேன். கம்பசில் இதே தலைப்பில்தான் செயல்திட்டம் செய்கிறேன்.

எச்.264 வந்தது 2003-இல், எச்.265 2013-இல், ஏவி1 2018-இல், எச்.266 2020-இல். ஒவ்வொரு தலைமுறையும் அதே தரத்தை இன்னும் குறைந்த பிட்டில் தருகிறது. எச்.265-க்கு வைத்த குறிக்கோளே எச்.264-இன் பாதி பிட்ரேட், அதாவது நொடிக்குப் பாதி டேட்டா. ஆனால் அந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எச்.264 படத்தை 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கும். எச்.265 64க்கு 64 வரை போகும், ஏவி1 128க்கு 128 வரை. ஒரு கட்டத்தை முந்திய படங்களிலிருந்து ஊகிக்கும் வழிகளும் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆகவே ஒரு பாக்கெட்டுக்குள் படத்தின் பெரிய பங்கு அடங்குகிறது. தொலைந்தால் இழப்பும் அந்த அளவுக்குப் பெரிது.

பழைய எச்.264-இல் இழப்பைத் தாங்கவென்றே சில ஏற்பாடுகள் இருந்தன. கட்டங்களைச் சதுரங்கப் பலகை மாதிரிக் கலைத்து அனுப்பலாம், அப்போது தொலைந்த கட்டத்தைச் சுற்றியுள்ளவற்றை வைத்து நிரப்ப முடியும். முக்கியமான துண்டை இரண்டு தரம் அனுப்பலாம். எல்லாம் எச்.264-இன் பேஸ்லைன் புரொபைல் என்ற வகையில் எழுதப்பட்டவை. ஃபோன், டிவி சிப்புகளில் பெரும்பாலானவை அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. எச்.265-இல் கட்டம் கலைக்கும் முறையை எடுத்தே விட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

ஏவி1-ஐ இப்போதைக்கு விடுங்கள். லைவாகக் குறியாக்க என்விடியா 40 வரிசை போன்ற புதிய கார்டு வேண்டும், உங்கள் மடிக்கணினி திணறும்.

#4 உவர்மலை_ஓய்வு · புதன் காலை 6:20

தம்பிக்கும் மகளுக்கும் வணக்கம். தொலைத்தொடர்பில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மொபைல் இணைப்பில் பாக்கெட் காற்றில் கரைந்து போவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. டவருக்கும் டொங்கிளுக்கும் இடையில் ஒரு துண்டு பழுதானால், அந்த அடுக்கிலேயே உடனடியாக மறுபடி அனுப்பிச் சரிசெய்துகொள்ளும். நமக்கு அது இழப்பாகத் தெரியாது, தாமதமாகத்தான் தெரியும். சனம் கூடினால் வரிசை நீளும், தாமதம் ஏறும், வரிசை நிரம்பி வழியும்போதுதான் பாக்கெட் விழும். விழும்போதும் ஒன்று இரண்டாக விழாது, கொத்துக் கொத்தாக விழும். இப்படியான கொத்து இழப்பைக் கணக்கில் கொண்டுவர கில்பெர்ட் 1960-இலும் எலியட் 1963-இலும் தந்த மாதிரி இன்றும் பாவனையில் இருக்கிறது.

அடுத்தது, உபரி பாக்கெட் போட்டுத் திருத்தும் முறையை யாராவது சொல்ல முதல் நானே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் தொலைக்காட்சியில் 188 பைட் பாக்கெட்டோடு 16 பைட் சேர்த்து 204 ஆக்கி அனுப்புவோம், 8 பைட் வரை பழுதானாலும் மீட்டுவிடும். ரீடும் சாலமனும் 1960-இல் தந்த கணக்கு அது. மிக அழகான கணக்கு, என் வேலைக்காலம் முழுக்க அதோடுதான் வாழ்ந்தேன். இணையத்தில் பாக்கெட்டே முழுதாகக் காணாமல் போவதால் வேறு விதமாகச் செய்வார்கள். 100 பாக்கெட்டை 10 வரிசை, 10 நிரலாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு உபரி. 20 சதவீதம் கூடுதல் சுமை. தொடர்ச்சியாக 10 பாக்கெட் போனால் மீட்டுவிடலாம்.

தம்பியின் 3 மெகாபிட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு பாக்கெட்டில் 1316 பைட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 285 பாக்கெட். 10 பாக்கெட் என்பது 35 மில்லிநொடி. நெரிசலில் வரும் இழப்பு அரை நொடிக்கு நீண்டால் இந்தக் காப்பு எந்த மூலைக்கு? அதோடு நெரிசலில் திணறும் வழியில் இன்னும் 20 சதவீதம் ஏற்றுகிறோம். செய்மதியில் கைகொடுத்த முறை கூட்ட நெரிசலில் நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

சர்வரில் எஸ்ஆர்டி புள்ளிவிவரம் இருக்குமே. போய்வரும் நேரம், தொலைந்தவை, கைவிடப்பட்டவை, இந்த மூன்றையும் போடுங்கள்.

#5 நிலாவெளி_கமரா · புதன் மதியம் 1:10

ஐயா, பார்த்தேன். வீட்டில் சோதித்த அன்று போய்வரும் நேரம் 60 மில்லிநொடிக்குக் கிட்ட. செத்தவீட்டன்று 280, சில நேரம் 400-க்கு மேல். தொலைந்த எண்ணிக்கை நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் கைவிடப்பட்டவை மிக அதிகம். தொலைந்ததற்கும் கைவிட்டதற்கும் என்ன வித்தியாசம்?

#6 கிண்ணியா_வயர்மேன் · புதன் மதியம் 1:48

தம்பி, பிடிபட்டுவிட்டது.

எஸ்ஆர்டி ஒரு பாக்கெட் குறைந்தால் "அதைத் திருப்பி அனுப்பு" என்று கேட்கும். லேட்டன்சி என்பது அதற்குக் கொடுக்கும் தவணை. தவணைக்குள் வராவிட்டால் காத்திராமல் கைவிட்டுவிட்டு முன்னே போகும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

லேட்டன்சிக்கு 2000 என்று எழுதினேன் என்றீர்கள். ஓபிஎஸ் முகவரியில் அந்த எண் மைக்ரோநொடிக் கணக்கு. 2000 என்றால் 2 மில்லிநொடி! இரண்டு பக்கமும் கேட்பதில் எது பெரிதோ அதை எஸ்ஆர்டி எடுத்துக்கொள்ளும். உங்கள் சர்வரில் கை வைக்காமல் விட்டிருந்தால் அங்கே வழக்கமான 120 மில்லிநொடி. ஆகவே அன்று உண்மையில் ஓடியது 120. போய்வரவே 280 எடுக்கும் வழியில், 120-க்குள் திருப்பி வா என்றால் எப்படி வரும்? வீட்டில் 60-தான் எடுத்தது, அதனால் கண்ணாடி மாதிரி இருந்தது.

நானும் இதே குழியில் விழுந்தவன். கிண்ணியாவில் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி ஒன்றைக் காட்டும்போது பெனால்டி அடிக்கும் நேரம் படம் போய்விட்டது.

#7 நிலாவெளி_கமரா · புதன் மதியம் 2:05

நானா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். மூன்று பூச்சியம் குறைந்ததால்தானா அந்த மனிசனுக்குத் தாயின் கிரியையைப் பார்க்க முடியாமல் போனது?

#8 உவர்மலை_ஓய்வு · புதன் மாலை 5:30

மனதைத் தளரவிடாதீர்கள் தம்பி. பிழை எங்கே என்று தேடி வந்திருக்கிறீர்கள், அதுவே பெரிய காரியம். லேட்டன்சியைப் போய்வரும் நேரத்தின் 4 மடங்காவது வைப்பது வழக்கம். அதுவும் வீட்டில் அளந்ததை வைத்து அல்ல, நெரிசலில் அளந்ததை வைத்து.

#9 ஸ்காபரோ_திருமலையான் · புதன் இரவு 8:15

பார்க்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. என் பெரியம்மாவின் கிரியையை நானும் லைவில்தான் பார்த்தேன். படம் 20 நொடி பிந்தி வந்தால் எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒத்துப் பார்க்க என்ன இருக்கிறது? இங்கிருந்து நாங்கள் பேசப்போவதும் இல்லை. எரிச்சல் தருவது நிற்பதும் உடைவதும்தான். ஏன் எல்லாரும் தாமதத்தைக் குறைக்க இவ்வளவு பாடுபடுகிறீர்கள்?

#10 மூதூர்_மாணவி · புதன் இரவு 9:00

திருமலையான் அண்ணா கேட்டதுதான் சரியான கேள்வி! எச்எல்எஸ் படத்தைத் துண்டுகளாக்கித்தான் அனுப்பும். ஆப்பிள் சொல்லும் அளவு துண்டுக்கு 6 நொடி. பிளேயர் பொதுவாக மூன்று துண்டு பின்னால் நின்றுதான் தொடங்கும். அதாவது எப்படியும் 18 நொடி பிந்தித்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் எஸ்ஆர்டியில் 2 நொடி வைத்தால் என்ன, 8 நொடி வைத்தால் என்ன? 280 மில்லிநொடி வழியில் 8 நொடி இருந்தால் ஒரே பாக்கெட்டைக் கிட்டத்தட்ட 28 தடவை கேட்க நேரம் உண்டு.

இருவரும் முகம் பார்த்துப் பேசும் அழைப்பு வேறு கதை. அங்கே அரை நொடி பிந்தினாலே பேச்சு முட்டும், ஆகவே திருப்பிக் கேட்க நேரமில்லை. உபரி பாக்கெட், அடுக்கடுக்கான குறியாக்கம் எல்லாம் அங்கேதான் தேவைப்படும். நான் நேற்று எழுதியதில் இந்த இரண்டையும் கலந்துவிட்டேன், மன்னிக்கவும்.

#11 கிண்ணியா_வயர்மேன் · புதன் இரவு 9:25

மகள், அடுக்கடுக்காக என்றீர்கள். இரண்டு சிம் வைத்திருக்கிறவர்களுக்கு வேறொரு முறையும் உண்டு என்று கேள்விப்பட்டேன், ஒற்றைப்படை பிரேம் ஒரு வழியிலும் இரட்டைப்படை மற்ற வழியிலும் போவது. அதுவும் அடுக்குத்தானா?

#12 மூதூர்_மாணவி · புதன் இரவு 10:10

இல்லை நானா, அது பல்விவரணக் குறியாக்கம். அடுக்கு முறையில் அடிப்படை அடுக்கு ஒன்று இருக்கும், அது வந்தே ஆக வேண்டும். மேலடுக்கு போனால் படம் கொஞ்சம் மங்கும், அல்லது துள்ளும், அவ்வளவுதான். ஆனால் அடி போனால் மேலே வந்ததெல்லாம் வீண். எச்.264-க்கு இதை 2007-இல் சேர்த்தார்கள், ஏவி1-இல் தொடக்கத்திலிருந்தே உண்டு.

பல்விவரணத்தில் பெரியது சிறியது இல்லை. எந்த வழி வந்தாலும் அது தனியாகவே படமாகும், இரண்டும் வந்தால் முழுப்படம். என் செயல்திட்டமே அதுதான். ஒரு வழியை வேண்டுமென்றே அறுத்துவிட்டுப் பார்க்கும்போது, ஆள் நடப்பது கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும், ஆனால் முகம் முகமாகவே இருக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோசம். விலை என்னவென்றால், ஒற்றைப்படை பிரேம் ஒற்றைப்படையை வைத்து மட்டும்தான் ஊகிக்கலாம். அதாவது பக்கத்திலிருக்கும் பிரேமை விட்டுவிட்டு ஒன்று தள்ளியிருப்பதைப் பார்க்க வேண்டும். அசைவு கூடிய காட்சியில் பிட்ரேட் நன்றாக ஏறிவிடும். சந்தையில் கிடைக்கும் மென்பொருள்களில் இது கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் கவலை. இரண்டு சிம் இருந்தால் ஒரே ஓட்டத்தை இரண்டு வழியிலும் அனுப்புவதை எஸ்ஆர்டியே செய்யும், டேட்டா இரட்டிப்பாகும்.

#13 நிலாவெளி_கமரா · ஞாயிறு இரவு 11:30

நாலு நாள் கடை வேலை முடித்து இரவிரவாகச் சோதித்தேன். பழைய லினக்ஸ் கணினி ஒன்றை நடுவில் வைத்து, நெட்எம் கருவியால் ஒவ்வொரு பக்கமும் 140 மில்லிநொடி தாமதம், 5 சதவீத இழப்பு கொடுத்தேன். பிறகு ஐயா சொன்ன மாதிரிக் கொத்து இழப்புக்கு மாற்றினேன். சுடர் உடைந்தது கண்ணை விட்டுப் போகாததால், குத்துவிளக்கு ஏற்றி வைத்து அதையே படம் பிடித்தேன்.

பழைய அமைப்பை அப்படியே ஓடவிட்டதும் அதே சாம்பல் சதுரம் வந்தது. கண்டதும் கை நடுங்கியது. லேட்டன்சியைத் தொடாமல் எச்.264-க்கும் 2 நொடி கீபிரேமுக்கும் மாற்றினால் உடைவது நிற்கவில்லை, ஆனால் சட்டென்று தேறிவிடுகிறது. ஒரு துண்டு ஒரு பாக்கெட்டுக்குள் அடங்கும்படி படத்தைச் சிறு பட்டிகளாக வெட்டச் சொன்னபோது உடைவு ஒரு பட்டியோடு நின்றது, விளக்கின் பாதம் போனாலும் சுடர் இருந்தது. கீபிரேமே இல்லாமல் படத்தின் ஒரு நிரலை மட்டும் மாறி மாறிப் புதுப்பிக்கும் முறையும் முயன்றேன். ஓட்டம் மிகச் சீராக இருந்தது, ஆனால் எச்எல்எஸ் துண்டு வெட்டக் கீபிரேம் வேண்டும் என்பதால் சர்வர் ஏற்கவில்லை.

பிறகு லேட்டன்சியை 80,00,000 ஆக்கினேன். ஆறு பூச்சியத்தையும் விரலால் தொட்டு எண்ணினேன். ஒரு மணித்தியாலம் ஓடியது. எச்.264, எச்.265 இரண்டிலும் ஒரு கட்டம்கூட உடையவில்லை. எது போனாலும் நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுவதால், என்ன கோடெக் என்ற கேள்வியே இழப்பைப் பொறுத்தவரை இல்லாமல் போனது.

ஒரு இடத்தில் மட்டும் தோற்றது. வழியின் அகலத்தை 1 மெகாபிட்டாக நெருக்கிவிட்டு 1.5 அனுப்பினால், முதலில் ஒன்றும் தெரியாது. பாக்கி சேர்ந்து சேர்ந்து, 8 நொடி தவணையும் தீர்ந்ததும் ஒரேயடியாக உடைகிறது. இதற்கு எந்தக் காத்திருப்பும் மருந்தில்லை, பிட்ரேட்டைக் குறைப்பது ஒன்றுதான்.

#14 உவர்மலை_ஓய்வு · திங்கள் காலை 6:05

அருமை தம்பி. அகலம் குறையும் இடத்தில்தான் எச்.265-இன் சிக்கனம் உண்மையில் உதவும். அன்று கிடைக்கும் ஏற்று வேகத்தை அளந்து, அதில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். மற்றப் பாதி திருப்பி அனுப்புவதற்கு வேண்டும்.

#15 கிண்ணியா_வயர்மேன் · திங்கள் காலை 9:40

சத்தத்தை மறக்காதீர்கள். என்னிடம் இன்னொரு டொங்கிள் சும்மா கிடக்கிறது, அதில் வேறு கம்பனி சிம் போட்டுத் தாறன். ஓபஸ் என்ற ஒலிக் கோடெக்கில் பேச்சுக்கு 32 கிலோபிட் தாராளம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தியதன் மெல்லிய பிரதி ஒன்றையும் வைத்து அனுப்ப அதில் வழி இருக்கிறது, ஒன்று போனால் அடுத்ததில் இருந்து பேச்சை மீட்டுக்கொள்ளும். சத்தத்துக்கு மட்டும் தனி லிங்க் கொடுங்கள்.

#16 நிலாவெளி_கமரா · மூன்று வாரத்துக்குப் பிறகு, சனி இரவு 8:50

31 முடிந்தது. காலையில் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம், பிறகு வீட்டில். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நம்புவதால் எங்கள் ஊரில் பலருக்கு அங்கே செய்வதுதான் மனநிறைவு.

இரண்டு இடத்திலும் முந்திய நாள் அதே மணிக்குப் போய் ஏற்று வேகத்தை அளந்து வந்தேன். அதன்படி 720பி, 25 பிரேம், 1 மெகாபிட், கீபிரேம் 2 நொடி, லேட்டன்சி 8 நொடி. கடைசியில் எடுத்தது எச்.264. எச்.265-இல் இன்னும் தெளிவு கிடைத்திருக்கும், ஆனால் அதை எல்லா பிரவுசரும் திறக்காது. உறவுக்காரர் ஐந்து நாட்டில், யாரிடம் எந்தப் பழைய டிவி இருக்கிறதோ.

கச்சான் காற்று மைக்கில் அடித்தது, துணியைச் சுற்றினேன். வீட்டில் சனம் கூடியபோது போய்வரும் நேரம் 600-ஐத் தாண்டியது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கைவிடப்பட்டவை என்ற இடத்தில் பூச்சியம். முடியும் வரை பூச்சியம்தான்.

ஒரு பிழை விட்டேன். சத்தத்தின் தனி லிங்க் படத்தைவிட இருபது நொடிக்கு மேல் முந்தி ஓடியது. சிலர் இரண்டையும் ஒன்றாகத் திறந்து குழம்பிவிட்டார்கள். படம் நின்றால் மட்டும் திறக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

பூசை முடிந்ததும் மகன் அழைத்தார். ஒன்றும் பேசவில்லை, அழுதார். பிறகு, "அம்மாவின் படத்துக்குப் போட்ட மாலையில் பூவை எண்ணலாம் போல இருந்தது தம்பி" என்றார்.

நானா, ஐயா, தங்கச்சி, திருமலையான் அண்ணா, உங்கள் எல்லாருக்கும் நான் கடமைப்பட்டவன்.

#17 கிண்ணியா_வயர்மேன் · சனி இரவு 9:15

அல்ஹம்துலில்லாஹ். டொங்கிளை அவசரப்பட்டுத் திருப்பித் தர வேண்டாம். அடுத்த மாதம் மறுபடி உதைபந்தாட்டம் இருக்கிறது. உங்கள் அமைப்பையே அப்படியே போடலாமா?

#18 நிலாவெளி_கமரா · சனி இரவு 9:32

போடுங்கள் நானா. ஒன்று மட்டும் மாற்றுங்கள், பந்து ஓடுவதால் 25 பிரேமை 50 ஆக்கிப் பிட்ரேட்டையும் கூட்டிப் பாருங்கள், அகலம் இருந்தால் மட்டும். சர்வர்ப் பக்கத்திலும் லேட்டன்சியை எழுதிவிடுங்கள். நான் பாவிக்கிற சர்வரில் அது மில்லிநொடிக் கணக்கு, ஆகவே அங்கே 8000, ஓபிஎஸ்ஸில் 80,00,000. போட்டிக்கு முந்திய நாள் மைதானத்துக்கு நானும் வாறன், சேர்ந்து அளப்போம்.